தூண்டில் கோலின் ‘கண்’

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மீன்பிடிக் கருவி விற்கும் கடைக்குள் போய் ‘கைடு’ என்று கேட்பவர்கள் குறைவு. ‘ஐஸ்’ (eyes) என்பார்கள், இல்லையென்றால் ‘ரன்னர்’. கோலின் மேல் வரிசையாகக் கட்டியிருக்கும் வளையங்களைத்தான் சொல்கிறார்கள். ரீலிலிருந்து வரும் தூண்டில் நரம்பு அவற்றுக்குள் நுழைந்துதான் நுனிக்குப் போகிறது. பெட்டியில் அச்சிட்டிருப்பது மட்டும் ‘கைடு’. தமிழில் எழுத உட்காருபவர் பெட்டியைப் பார்த்து எழுதுவதால் ‘நரம்பு வழிகாட்டி’ என்றொரு சொல் பிறந்துவிடுகிறது. அது வேண்டாம்.

‘கைடு’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் வழியைக் காட்டுதல் என்னும் பொருளுள்ள ஒரு ஜெர்மானிய வேர் இருக்கிறது. ஆளுக்கு அது பொருந்தும். கோலிலோ அந்த உறுப்பு வழிகாட்டுவதோடு நிற்பதில்லை, சுமை தூக்குகிறது. பெரிய திருக்கை ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்போது, அந்த இழுப்பைக் கோலின் நீளம் முழுவதும் பங்கிட்டுக் கொடுப்பவை இந்த வளையங்களே. ‘வழிகாட்டி’ என்ற பெயர் இந்த வேலையை மறைத்துவிடுகிறது. பெயரை நம்பி வாங்குபவர் வழவழப்பையும் பளபளப்பையும் பார்க்கிறார்; கோலில் ஊன்றி நிற்கும் காலின் உறுதியைப் பார்ப்பதில்லை.

பழந்தமிழில் இதற்குச் சொல் இல்லாததற்குக் காரணம் எளிது: பொருளே இல்லை. பெரும்பாணாற்றுப்படை ‘நெடுங்கழைத் தூண்டில்’ என்கிறது. கழை என்றால் மூங்கில். அதில் பூட்டிய கயிற்றுக்கு ‘நாண்’ என்று பெயர். நாணைக் கழையிலேயே கட்டிவிட்டால் வளையத்துக்கு வேலையில்லை. ரீல் வந்து, நரம்பு ஓடத் தொடங்கிய பிறகுதான் அது நுழைந்து போக ஒரு துளை தேவைப்பட்டது.

அப்படி ஒன்று நுழைந்து போகும் துளைக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் ‘கண்’. மதகுக்குக் கண் உண்டு. செங்கோட்டை ரயில் பாதையில் இருப்பது பதிமூணு கண் பாலம். தேங்காய்க்குக் கண், வலைக்குக் கண். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த தமிழரிலும் தெலுங்கரிலும் சிலர், ஒப்பந்தம் முடிந்ததும் டர்பன் வளைகுடாவில் கரைவலை இழுத்துப் பிழைத்தார்கள். அந்த வளைகுடாவில் இருந்த சாலிஸ்பரி தீவில் குடியிருந்தார்கள். வலைக்கு இருந்த சொல்லைக் கோலுக்கும் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. டர்பன் கரையில் வழங்கும் ‘ஐ’யும் அதே பொருள்தான் என்பதால் சொல்லும் பேச்சும் ஒட்டிப் போகின்றன. ஊசிக்கு நாம் காது வைத்திருக்கிறோமே என்று கேட்கலாம். காது ஓரத்தில் ஒன்றாக இருப்பது, கண் வரிசையாக வரும். பாலத்திலும் வலையிலும் அப்படித்தான். மூங்கிலில் கண் என்றால் கணுவையும் குறிக்கும் என்பது உண்மை. கார்பன் கோலில் கணு இல்லை, குழப்பமும் இல்லை. எழுத்தில் ‘கோற்கண்’ என்றும் பேச்சில் ‘கண்’ என்றும் வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் வளையம் என்ற பொருளில் ‘அனோ’ என்கிறார்கள். தமிழில் ‘வளையம்’ என்பதைக் கண்ணுக்குள் பதித்திருக்கும் பீங்கான் உறுப்புக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது, ஏனென்றால் அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

வளையத்தைத் தாங்கும் சட்டத்திலிருந்து இறங்கிக் கோலைத் தொடும் பகுதி கால். ஒற்றைக்கால் கண், இரட்டைக்கால் கண் என்று சொன்னால் விளக்கம் வேண்டியதில்லை. ஷேட் என்னும் மீனைப் பிடிக்கும் மெல்லிய கோலுக்கு ஒற்றைக்கால் போதும். எடை குறைவு, கோலும் தாராளமாக வளையும். சுறாவுக்கும் திருக்கைக்கும் போகும் 13, 14 அடிக் கோலுக்கு நுனியைத் தவிர மற்றவை இரட்டைக்காலாக இருக்கட்டும். பாறையில் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே ஒற்றைக்கால் கோணிக்கொள்ளும். நிமிர்த்தினால் அடுத்த பெரிய மீனுக்கு மறுபடி அதே இடத்தில் மடங்கும்.

ரீலுக்கு மிக அருகில் இருப்பது முதற்கண், முடிவில் இருப்பது நுனிக்கண். முதற்கண்ணின் அளவைத் தீர்மானிப்பது ரீல். ‘காபி கிரைண்டர்’ என்று இங்கே பேர் வாங்கிய ஸ்பின்னிங் ரீலிலிருந்து நரம்பு பெரிய சுருளாகப் பிரிந்து வரும். அதை அடக்க அகலமும் உயரமும் உள்ள முதற்கண் வேண்டும். தடித்த நைலான் நரம்புக்கு மரபாக 40 எண் கண். கோலின் மேல் உட்காரும் மல்டிப்ளையர் ரீலில் நரம்பு நேராக வருவதால் 25 அல்லது 30-இல் தொடங்கி 16 வரை இறங்கினால் போதும், உயரமும் தாழ்வாக இருக்கலாம். ஸ்கார்பரோ ரீலுக்கு வட்டு பெரியது, நரம்பு கோலிலிருந்து நன்றாக விலகி எழும். முதற்கண்ணை அருகில் வைத்தால் நரம்பு செங்குத்தாக இறங்கி உராயும், தள்ளி வைக்க வேண்டும்.

இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது. 16 என்பது ஃபூஜி போன்ற கம்பெனிகளின் கணக்கில் பீங்கான் வளையத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். நரம்பு போகும் துளை அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவு. நேட்டால் கரையில் கனமான ஈயத்தை வீச 0.9 அல்லது 1 மி.மீ. தடிப்பில் லீடர் என்னும் முன்நரம்பு கட்டுவது வழக்கம். அதை ரீல் நரம்போடு சேர்க்கும் முடிச்சு நுனிக்கண்ணில் தட்டினால் ஒன்று ஈயம் தனியாகப் பறந்துபோகும், இல்லை வளையம் கழன்று விழும். ஆகவே வாங்கும் முன், கட்டிய முடிச்சைக் கையோடு கொண்டுபோய் நுனிக்கண்ணில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை கண், எங்கே என்பதற்கு அட்டவணையைவிடக் கோலே நல்ல பதில் சொல்லும். கண்களை ஒட்டு நாடாவால் தற்காலிகமாக ஒட்டி, ரீலைப் பூட்டி, நரம்பைக் கோத்து, முனையில் 2 கிலோ எடையைக் கட்டித் தூக்கிப் பாருங்கள். நரம்பு கோலின் வளைவைத் தழுவிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கண்களுக்கு நடுவே நரம்பு நேர்க்கோடாக நின்று, கோல் மட்டும் அதைவிட்டு விலகி வளைந்தால், அந்த இடத்தில் சுமை சரியாகப் பங்கிடப்படவில்லை. கண்ணை நகர்த்துங்கள், அல்லது ஒன்று கூட்டுங்கள். மேலே ரீல் இருக்கும் கோலில் நரம்பு எங்கும் கோலைத் தொடக் கூடாது. பயந்துபோய் நிறைய கூட்டினால் நுனி கனத்து, வீச்சு குறையும்.

உருட்டுக்கண் வேறு வகை. உள்ளே சிறு உருளை சுழலும். ‘ஸ்கீ’ எனப்படும் சிறு மோட்டார் படகில் கூட்டாவுக்கு, அதாவது நம் வஞ்சிரத்துக்கும், அதைவிடப் பெரிய மீன்களுக்கும் இழுவைக் கோலில் பூட்டுவார்கள். கனமான நைலானுக்கு நல்லது. பின்னல் நரம்புக்கு வேண்டாம்: உருளைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே மெல்லிய நரம்பு சொருகிக்கொண்டு அறுந்துபோகும். உப்பு இறுகி உருளை சுழலாமல் நின்றாலும் அதே கதைதான். நரம்பு ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து உருளையில் பள்ளம் விழும், பிறகு அந்தப் பள்ளத்தின் விளிம்பே நரம்பை அறுக்கும். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் நன்னீரில் கழுவி, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கண்ணின் வளையத்துக்குச் சிலிக்கான் கார்பைடு கடினமானது, வெப்பத்தையும் சீக்கிரம் கடத்திவிடும். அலுமினியம் ஆக்சைடு மலிவு, பெரும்பாலான கரைத் தூண்டிலுக்குப் போதும். எதுவானாலும் பீங்கான்தான், தட்டினால் கீறும். கண்ணுக்குத் தெரியாத கீறலைப் பஞ்சு காட்டிக்கொடுக்கும்: சிறு பஞ்சைத் திரித்து வளையத்துக்குள் சுற்றித் தேய்த்தால், கீறல் இருக்கும் இடத்தில் ஓர் இழை பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கண்ணை மாற்றியே ஆக வேண்டும். தூண்டில் முள்ளை வளையத்தில் மாட்டி வைக்கும் பழக்கமே பல கீறல்களுக்குக் காரணம். மாட்டத்தான் வேண்டுமென்றால் காலில் மாட்டுங்கள்.

துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருந்தாலும், காலுக்கும் அதைக் கோலோடு இறுக்கும் நூல் கட்டுக்கும் இடையில் உப்புத் தண்ணீர் புகுந்தால், கட்டின் மேல் பூசிய எபாக்சிப் பிசினுக்கு அடியில் பழுப்புக் கோடு தெரியும். அது பெரும்பாலும் கட்டும்போது நடந்த தவறு. காலின் நுனியை அரத்தால் மெல்லிய சரிவாகத் தேய்த்தால்தான் நூல் இடைவெளி விடாமல் அதன் மேல் ஏறும். காலின் அடிப்பக்கப் பிசிறையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் சுமையில் அது கார்பனைக் கொத்தும், கோல் அங்கேயே ஒடியும். கனமான கோலுக்கு முதலில் அடிக்கட்டு, அதன் மேல் கண்ணை வைத்து மேல்கட்டு. எபாக்சியின் இரு பங்கையும் ஊசிக்குழாயால் சமமாக அளந்து கலக்க வேண்டும், கண்மதிப்பில் ஊற்றினால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும். பூசிய பிறகு இறுகும் வரை கோலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசின் ஒரு பக்கம் தொங்கிவிடும். நுனிக்கண்ணுக்கு மட்டும் எபாக்சி வேண்டாம். சூட்டில் இளகும் பசையால் ஒட்டினால், வளையம் உடைந்த அன்றைக்கு லேசாகச் சூடு காட்டிக் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம்.