பாழூர்: 'பேய் நகரம்' என்பதற்கு உரிய தமிழ்

குடிகள் நீங்கிய ஊரை இப்போதெல்லாம் செய்திகளில் 'பேய் நகரம்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. 'பாழூருக்கு நரி ராசா' என்று பழமொழி சொன்ன மொழிக்கு அந்தப் பேய் தேவையில்லை.

பாழ் என்பதற்கு அழிவு, வெறுமை, விளைவற்ற நிலம் எனப் பல பொருள் உண்டு. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி 'ஹாளு' என வழங்கும் சொல்லும் இதுவே. இடிந்து கிடக்கும் ஹம்பியை அவர்கள் 'ஹாளு ஹம்பெ' என்பார்கள். புறநானூற்றின் 15ஆம் பாட்டு, பகைவர் கோட்டையைக் கழுதை பூட்டி உழுத முதுகுடுமிப் பெருவழுதியைப் 'பாழ்செய்தனை' என்கிறது. 52ஆம் பாட்டிலோ 'பாழ்படு பொதியில்', அதாவது பாழடைந்த ஊர்மன்றம், வருகிறது: அங்கே உறைந்த தெய்வம் தன் தூணைக் கைவிட்டுப் போய்விட, பலியும் நின்றுவிட, நரைத்த முதியவர்கள் சூதாடிச் சூதாடிக் குழிந்த தரையில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது.

செய், படு என்ற இந்த இரண்டு துணைவினைகளும் முக்கியமானவை: முன்னது செய்தவரைக் காட்டும், பின்னது காட்டாது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த, ரஷ்யாவும் வேறு சில நாடுகளும் மட்டுமே தனிநாடாக ஏற்றுள்ள அப்காசியாவைப் பற்றி எழுதும்போது 'கைவிடப்பட்ட வீடுகள்' என்கிறோம். 1992-93 போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள். உயிருக்கு அஞ்சி ஓடியவர்களே வீட்டைக் கைவிட்டார்கள் என்பது போல அந்தத் தொடர் ஒலிக்கிறது. தலைநகர் சுகுமி 1993 செப்டம்பர் 27 அன்று வீழ்ந்தபோது எரிந்த அமைச்சரவைக் கட்டடம், அதன் பின்னும் பல்லாண்டுகள் சன்னல்களற்ற கான்கிரீட் கூடாக நின்றது. அது பாழ்செய்யப்பட்டது என்றால்தான் செய்தவர் ஒருவர் உண்டு என்பது தெரியும். (ஊர்ப் பெயரிலும் வழக்கு உண்டு: சுகுமி என்பது ஜார்ஜிய ஈறு கொண்ட வடிவம், இறுதி இகரத்தை நீக்கிச் 'சுகும்' என்பதையே அப்காசியத் தரப்பு ஏற்கும்.)

அப்காசியாவிலிருந்து துரத்தப்பட்டவர்களின் ஜார்ஜிய மொழியில் சோபெலி என்றால் சிற்றூர். முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்து 'நாசோப்லாரி' என்றால் ஒருகாலத்தில் ஊராக இருந்த இடம். பாழூர் அதற்கு நன்றாகவே பொருந்தும்.

அப்காசியாவில் மலைமேல் இருக்கும் அகர்மாரா சற்றே வேறு. அது தக்வார்செலி நிலக்கரிச் சுரங்கங்களுக்காகச் சோவியத் காலத்தில் எழுந்த குடியிருப்பு. போரில் முற்றுகைக்கு உள்ளான தக்வார்செலி நகரில் 1989இல் 21,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 5,000 ஆனது. அகர்மாராவின் மாடி முகப்புகளில் இன்று மரங்கள் வேர்விட்டுள்ளன; ஆனாலும் சில குடும்பங்கள் அங்கேயே வாழ்கின்றன. ஆகவே அதைப் பாழூர் என்று எழுத மாட்டேன். பாழ்பட்ட ஊர் என்பேன்.