ரோஸ்மேரியை வெயில் கொல்லவில்லை

போன வாரம் மட்டும் என் நர்சரிக்கு வந்த ஐந்தாவது ரோஸ்மேரி தொட்டி இது. ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார் ஒரு அம்மா. "தம்பி, வெயில்ல கருகிடுச்சு. காலையும் சாயங்காலமும் தவறாம தண்ணி ஊத்தினேன், அப்பவும் காஞ்சு போச்சு."

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் ஒரே கட்டியாக விழுந்தது, சாக்கடை வாடையோடு. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். காய்ந்த செடியின் வேர் இப்படி இருக்காது. அழுகிச் செத்த செடி இது.

தலைமுடிக்கு ரோஸ்மேரி தண்ணீர் என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து சென்னையில் வீட்டுக்கு வீடு இந்தச் செடி. எல்லோரும் சொல்வது ஒன்றே: இலை காய்கிறது, அதனால் தண்ணீர் போதவில்லை. இல்லைங்க! வேர் அழுகிவிட்டால் தண்ணீரை மேலே ஏற்ற எதுவும் இல்லை, இலை காயத்தான் செய்யும். அதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறீர்கள். துளசியும் புதினாவும் இதற்குச் சொந்தம்தான், ஆனால் குணம் வேறு. துளசி தாகம் எடுத்தால் தலை தொங்கும், தண்ணீர் விட்டால் நிமிரும். ரோஸ்மேரி எதையும் காட்டாது. வேர் செத்துச் சில நாள் ஆனாலும் பச்சையாகவே நிற்கும். நீங்கள் கவனிக்கும்போது காரியமே முடிந்திருக்கும்.

மத்தியதரைக்கடல் ஓரத்துப் பாறைச் சரிவுகளில், கோடையில் மழையே பார்க்காமல் வளர்ந்த செடி இது. வெயில் அதற்குப் புதிதல்ல. நம் இரவுப் புழுக்கமும் ஐப்பசி அடைமழையும்தான் புதிது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு என் நர்சரியிலேயே இரண்டு ட்ரே ரோஸ்மேரி போனது. அதே வருஷ மே மாத வெயிலில் ஒன்றுகூடப் போகவில்லை.

எங்கள் தொழில் மீதும் குற்றம் உண்டு. மலைப்பக்கமிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் வெறும் கோகோபீட்டில்தான், அதாவது தேங்காய் நார்த்தூளில்தான், வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே தொட்டியில் இறக்கினால் சுற்றி மண் காய்ந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். முடிந்த அளவு உதிர்த்துவிட்டு நடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, போதும். எம்-சாண்ட் என்றால் அலசி, மாவுத் தூளைப் போக்கிவிட்டுப் போடுங்கள். அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது வீண் நம்பிக்கை. ஜல்லிக்கு மேலே மண்ணில் ஈரம் தேங்கியே நிற்கும். மண்தொட்டி வாங்குங்கள், கீழே வைக்கும் தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். மே மாதத்தில் சின்ன மண்தொட்டிக்குத் தினமும் வேண்டியிருக்கும். கார்த்திகையில் வாரம் ஒருமுறைகூட வேண்டாம். ஆகவே எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று என்னைக் கேட்காதீர்கள், மண்ணைக் கேளுங்கள். மொட்டை மாடித் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். காலை வெயில் முழுதும் படட்டும், அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மதியத்துக்கு நிழல்வலை. மழைக்காலத்தில் சன்ஷேடு அடியில், வெளிச்சம் விழுந்து சாரல் விழாத இடம். ஏசி அறைக்குள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

லாவண்டர் கேட்பவர்களுக்கு: ஜம்முப் பகுதியில் இருக்கும் பதேர்வாவின் ஊதா லாவண்டர் வயல் படத்தைக் காட்டி அதுவே வேண்டும் என்கிறீர்கள். அந்த வகை பூக்கக் குளிர்காலம் வேண்டும், அதைச் சென்னையில் நான் எங்கிருந்து கொண்டுவர? இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் வகை ஓரளவு தாங்கும். அதையும் மார்கழியில் வாங்கிச் சித்திரை வரை ரசிக்கும் செடியாக நினைத்துக்கொள்ளுங்கள். கவாத்து செய்யும்போது இலையில்லாத பழைய கட்டையில் வெட்டாதீர்கள், அங்கே துளிர்க்காது.

அந்த அம்மாவின் செடியில் ஒரு கிளை நுனி மட்டும் ஒடியாமல் வளைந்தது, அதில் இன்னும் உயிர் இருந்தது. நான்கு விரல் நீளத்துக்கு இரண்டு குச்சி வெட்டி, அடி இலைகளை உருவி, ஈர மணலில் குத்திவைத்திருக்கிறேன். புதுச்செடி கேட்டார், மழை முடிந்து தை மாதம் வாங்க, தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.