பாலைவனப் புதருக்கு எமனாகும் நம் கொழுக்கட்டைப் புல்

அமெரிக்காவின் அரிசோனாவில், சொனோரா பாலைவனத்தின் பாறைச் சரிவுகள் பிப்ரவரி முதல் மே வரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பெரும்பாலும் அது பிரிட்டில்புஷ் (என்சீலியா ஃபாரினோசா). சூரியகாந்திக் குடும்பம், இடுப்பளவு உயரம். அதன் பிசினை அந்தக் காலத்து ஸ்பானிய மிஷன் தேவாலயங்களில் சாம்பிராணியாகப் புகைத்தார்கள்.

இந்தச் செடியின் கெட்டிக்காரத்தனமெல்லாம் இலையில்தான். மழைக்குப் பின் துளிர்ப்பவை அகலமாக, பச்சையாக இருக்கும். ஈரம் குறையக் குறைய, புது இலைகள் சிறுத்து வெள்ளை ரோமம் அடர்ந்து வரும். அந்த ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் இலை சூடேறாது, தண்ணீரும் மிச்சம். இன்னும் வறண்டால் இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி நெருப்பைத் தாங்காது. புதருக்கும் புதருக்கும் நடுவே இருக்கும் வெற்றுத் தரைதான் இதுவரை தீ பரவாமல் காத்தது. அந்த இடைவெளியைத்தான் கொழுக்கட்டைப் புல் நிரப்புகிறது. காங்கேயம் கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) மாடு மேய்கிற அதே புல்! 1930களில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அங்கே கொண்டுபோனார்கள். 2005இல் அரிசோனா அரசே அதைத் தீங்குக்களை என்று அறிவித்தது. காய்ந்த புல் பற்றினால் சகுவாரோ கள்ளியும் பாலோ வெர்டே மரமும் சேர்ந்தே கருகும். எரிந்த புல்லோ அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிரிட்டில்புஷ் பெரும்பாலும் விதையிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். அதற்குள் அடுத்த தீ வந்தால் அதுவும் போச்சு.

அரிசோனாவில் களையெடுக்கப் போகிறவர்கள் முதலில் புல்லை உறுதி செய்துகொள்ளுங்கள், உள்ளூர்ப் புற்களிலும் இதைப் போன்றவை உண்டு. கதிரை விரலால் உருவி விதைகளை உதிர்த்தபின், நடுத்தண்டு சொரசொரவென்று இருந்தால் இதுதான். மேலே அறுத்தால் பயனில்லை. கடப்பாரையால் தூரோடு பெயர்த்து, மண்ணை உதறி, கதிர்களைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். களைக்கொல்லி என்றால், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான கோடைமழையில் புல் பச்சையாக இருக்கும்போது மட்டும் அடியுங்கள். காய்ந்த புல்லில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி உள்ளே இறங்காது. மண்ணில் தங்கிய விதை சில வருடம் முளைக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே சரிவுக்குப் போய் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். தெற்கு பார்த்த சரிவுகளில் தொடங்குங்கள்: பிரிட்டில்புஷ்ஷும் இந்தப் புல்லும் அங்கேதான் அதிகம்.