செல்வியும் சில்வாவும் ஒரே ஆளா?

பட்டனைத் தட்டினால் நம் ஜாதகமே அரசாங்கத்தின் திரையில் வந்து நிற்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. தகவலைச் சேர்ப்பது சுலபம்தான். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். விவரங்கள் தினமும் குவிகின்றன. சிக்கல் அடுத்த கட்டத்தில்: இந்தப் பட்டியலில் இருப்பவரும் அந்தப் பட்டியலில் இருப்பவரும் ஒருவர்தானா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைனை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, எடுத்துக்கொள்ளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடும்பங்கள். பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. வயதானவர்களுக்குப் பிறந்த வருடம் மட்டும்தான் பதிவில் இருக்கும். முழுத் தேதி கேட்கும் மென்பொருளில் ஏற்றும்போது அது ஜனவரி 1 ஆகிவிடும். ஒரே லைனில் நாலு பேருக்கு ஒரே பிறந்தநாள் என்றால் தேதியால் என்ன பயன்?

மிச்சம் பெயர். ரேஷன் கார்டில் எஸ் போட்டு எழுதிய செல்வி, வங்கியில் சிஎச் போட்டு எழுதிய செல்வியாக இருப்பார். ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் பழைய முறை சவுண்டெக்ஸ். முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மற்றவற்றை எண்ணாக்கும். ஒரே செல்விக்கு எஸ்410, சி410 என்று இரண்டு குறியீடு வரும். சில்வாவுக்கும் எஸ்410தான்! ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்த சட்டை, நமக்குப் பொருந்தவில்லை. புதிய முறைகளிலும் பொருத்த அளவைத் தளர்த்தினால் இருவர் ஒருவராவார்கள். இறுக்கினால் ஒருவர் இருவராவார்.

ஆதார் எண் இருக்கிறதே என்பீர்கள். 12 இலக்கத்தில் கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும். அம்மாவின் பதிவில் மகனின் எண்ணை ஏற்றிவிட்டால் பிடிக்காது. அதுவும் சரியான எண்தானே.

வண்டி எண்ணைப் படிக்கும் செக்போஸ்ட் கேமராவும் அப்படித்தான். பனிமூட்டத்தில் அகச்சிவப்பு விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி, நம்பர் பிளேட்டை வெளுக்க வைத்துவிடும். எழுத்து வரவேண்டிய இடத்தில் 8 வந்தால் அது பி என்று மென்பொருள் திருத்திக்கொள்ளும். 3 போய் 8 வந்தால் வழியில்லை. டிஎன் 43 ஊட்டி. டிஎன் 48 ஸ்ரீரங்கம். இ-பாஸே தேவைப்படாத உள்ளூர் ஜீப், பாஸ் இல்லாத வெளியூர் வண்டி ஆகிவிடும். நூற்றுக்கு 98 சரியாகப் படிக்கும் கேமரா என்றே வைத்துக்கொண்டாலும், 8,000 வண்டி ஏறும் நாளில் 160 தப்பு.

எல்லா அட்டையிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல், இனிஷியல் இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடத்தில் தானாக மாறாது. பிரதி எடுத்துப்போன அலுவலகத்தில் பழைய பதிவே கிடக்கும், அங்கும் தனியாக மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.