பேச்சிப்பாறையை மூன்று பெட்டிகளில் அடைப்பது எப்படி?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "லட்சக்கணக்கான வரிகள் உள்ள மென்பொருளில் தப்பே இல்லை என்று எப்படி நிரூபிக்க முடியும்? எல்லா நிலைகளையும் சோதிக்க ஆயுள் போதாதே?"

போதாதுதான். புரோகிராமில் எண்களைத் தாங்கும் 32 பிட் மாறிகள் இரண்டு இருந்தாலே ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி கோடி நிலைகள் வந்துவிடும்.

தீர்வு, தேவையில்லாத விவரத்தை உதறுவது. மழைக்காலத்தில் அப்பா பேப்பரைப் பிரித்ததும் பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தைத்தான் தேடுவார். 41.35 அடியா 41.40 அடியா என்பது அவருக்குப் பொருட்டல்ல. மறுகால் திறப்பார்களா, மாட்டார்களா என்று தெரிந்தால் போதும். இதைத்தான் அருவமாக்கல் என்கிறோம்.

அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. மதகை ஒரு புரோகிராம் இயக்குவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கொருமுறை மட்டத்தைப் பார்க்கும்; 42 அடியோ அதற்கு மேலோ இருந்தால் மதகைத் திறந்துவிடும். ஒரு மணி நேரத்தில் நீர் 2 அடிக்கு மேல் ஏறாது என்றும் வைப்போம். மதகு மூடியிருக்கையில் நீர் 48-ஐத் தொடாது என்று நிரூபிக்க வேண்டும்.

முதலில் இரண்டே பெட்டிகள்: 48-க்குக் கீழே ஒன்று, 48-ம் அதற்கு மேலும் ஒன்று. நிஜத்தில் நடக்கக்கூடிய எல்லாமே பெட்டிகளுக்குள் அடங்கிவிடும். நடக்காத சிலவும் கூடவே நுழைந்துவிடும். அதனால் பெட்டிகளில் ஆபத்து இல்லையென்றால் நிஜத்திலும் இல்லை. ஆனால் பொய் அலாரம் வரலாம்.

வருகிறது. "கீழ்ப்பெட்டியில் நீர், மதகு மூடியிருக்கிறது, அடுத்த மணியில் மேல்பெட்டி" என்கிறது, இப்படிப் பெட்டிகளை வைத்துச் சரிபார்க்கும் கருவி. சரி, அந்த வழியை நிஜப் புரோகிராமில் நடத்திப் பார்ப்போம். 48-ஐத் தொட, ஒரு மணி முன்பு நீர் 46-லாவது இருந்திருக்க வேண்டும். அப்போதே மதகு திறந்திருக்குமே!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கருவி அந்தப் பொய்யைத் தூக்கி எறிவதில்லை. எதனால் ஏமாந்தோம் என்று அதனிடமே கேட்கிறது. 42 என்ற கோடு பெட்டிகளில் இல்லை, அதனால்தான். உடனே கீழ்ப்பெட்டியை அந்தக் கோட்டில் இரண்டாகப் பிளக்கிறது. இப்போது மதகு மூடியிருந்தால் நீர் 42-க்குக் கீழேதான். 2 அடி ஏறினாலும் 44-ஐத் தாண்டாது. மூன்றே பெட்டிகளில் வேலை முடிந்தது!

பொய் அலாரத்தை வைத்தே பெட்டியைத் திருத்தும் இந்தச் சுற்றை 2000-ல் கணினி அறிஞர் எட்மண்ட் கிளார்க்கும் நான்கு சகாக்களும் பொதுமுறையாக வகுத்தார்கள். அணை, ரயில் சிக்னல் மென்பொருளை வாங்கும் துறைகள் சோதனைச் சான்றிதழோடு நிற்காமல் இத்தகைய நிரூபணத்தையும் கேட்க வேண்டும், நம் பல்கலைக்கழகங்களில் இந்த ஆராய்ச்சிக்குப் பணமும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மைக்ரோசாஃப்டில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜமணியும் உருவாக்கிய ஸ்லாம் என்ற கருவி, விண்டோஸ் டிரைவர்களை, அதாவது பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் புரோகிராம்களை, இதே சுற்றில்தான் அலசியது. ஒரு டிரைவரில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கலாம். ஸ்லாம் முதலில் கேட்டதோ ஒன்றே ஒன்று: ஒரே தரவில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு இப்போது பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?