வாலை ரசமும் துருவத்துக் கல்லும்

சாதிலிங்கம் என்ற பாதரசத் தாதுவை வாலை என்ற வடிகலத்தில் இட்டு எரித்து, மேலெழும் ஆவியைக் குளிரவைத்து ரசம், அதாவது பாதரசம், இறக்குவது சித்த மருத்துவத்தில் பழைய வேலை. அண்டார்க்டிகாவின் எரிமலைக் கல்லில் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கும் இன்றைய கருவியும் அடிப்படையில் அதையேதான் செய்கிறது. அளவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சாதிலிங்கத்தின் எடையில் 86 சதவீதம் பாதரசம். புதிதாக உறைந்த பசால்ட் என்ற எரிமலைக் கல்லிலோ கிராமுக்கு ஒரு சில நானோகிராம். வீராணம் ஏரி நிரம்பித் தளும்பும்போது மரக்காணத்து உப்பில் 40 கிலோ மூட்டை ஒன்றைக் கொட்டிக் கலக்கினால், ஏரி நீரில் அந்த உப்பு என்ன விகிதமோ, அதுதான் கிராமுக்கு 1 நானோகிராம்.

கல்லில் இவ்வளவு குறைவதற்குக் காரணம், எரிமலைக் குழம்பு மேலே ஏறும்போதே பாதரசம் வாயுக்களோடு பறந்துவிடுவது. பக்கத்து மண்ணின் கதை வேறு. 1967, 1969, 1970 ஆண்டுகளில் வெடித்த, அண்டார்க்டிகாவின் எரிமலைத் தீவான டிசெப்ஷன் தீவில் இன்றும் நிலத்திலிருந்து சூடான ஆவி கசிகிறது. பாசியும் பென்குயின் எச்சமும் மண்ணில் பாதரசத்தைச் சேர்க்கின்றன. போதாததற்கு, துருவத்தின் நீண்ட இரவு முடிந்து வெயில் வந்ததும் கடல் பனியிலிருந்து கிளம்பும் புரோமின், காற்றிலுள்ள பாதரசத்தைச் சில மணி நேரத்தில் ஆக்சிஜனேற்றி நிலத்தில் இறக்கிவிடும். ஆகவே கல்லுக்கும் மண்ணுக்கும் இடையிலான வித்தியாசமே ஆய்வின் உயிர். அந்த வித்தியாசம் பல நேரம் கிராமுக்கு 5, 10 நானோகிராம்தான். கவனம் தப்பினால் ஆய்வகமே அதை உண்டாக்கிவிடும்.

ஒரு பழைய டியூப் லைட்டில் 5 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம். 1 நானோகிராமைப் போல 50 லட்சம் மடங்கு. எப்போதோ உடைந்த தெர்மாமீட்டரின் ஒரு பாதரசத் துளி தரை ஓட்டின் இடுக்கில் கிடந்தால், ஆண்டுக்கணக்கில் அறைக் காற்றைக் கெடுக்கும். மாதிரியைத் திறப்பதற்கு முன் அறையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

மண்ணை அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தக் கூடாது. தளர்வாக ஒட்டியிருக்கும் பாதரசம் அதிலேயே ஓடத் தொடங்கும். உறைநிலையில் வைத்தே வெற்றிடத்தில் உலர்த்துவது பாதுகாப்பானது. கல்லின் வெயிலும் மழையும் தின்ற மேல்தோலை அறுத்து நீக்கி, அகேட் என்ற கடினக் கல் உரலில் பொடித்து, 75 மைக்ரான் சல்லடையில் சலிக்கிறோம். அரைவை இயந்திரத்தை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடேறும்.

புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊரில் இன்னொரு தொல்லை ஈரம். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த பையை உடனே திறந்தால் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த பொடிமேல் வியர்வையாய் இறங்கும். மூடிய பையாகவே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்ந்த பொடி தராசுத் தட்டில் இருக்கும்போதே எடை ஏறும். தனியாக ஒரு பங்கை 105 டிகிரியில் காயவைத்து ஈரப்பதம் கணக்கிட்டு, உலர் எடைக்குத் திருத்துகிறோம். காயவைத்த அந்தப் பங்கைப் பாதரச அளவீட்டுக்குத் தொடுவதில்லை.

இனி கருவி. முன்பே சுட்டுச் சுத்தமாக்கிய சிறு நிக்கல் படகில் 100 முதல் 300 மில்லிகிராம் பொடி. ஆக்சிஜன் ஓட்டத்தில் முதலில் ஈரம் போகும், பிறகு 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் எல்லாப் பாதரசமும் ஆவியாகும். வழியிலுள்ள வினையூக்கிக் குழாய் கந்தகம், குளோரின் வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். அப்பால் தங்கப் பொறி. ரசம் பட்ட மோதிரம் வெளுப்பதைப் பொற்கொல்லர்கள் அறிவார்கள். அதே ஒட்டுதலால் தங்கம் பாதரசத்தை மட்டும் பற்றி நிறுத்தும். தங்கத்தைச் சட்டென்று சூடாக்கினால் பாதரசம் ஒரே மூச்சில் வெளியேறி, 253.7 நானோமீட்டர் ஒளியின் குறுக்கே ஓடும். ஒளி எவ்வளவு மங்கியது என்பதே அளவு. அமிலத்தில் கரைக்கும் பழைய முறையில் அமிலமே கொஞ்சம் பாதரசம் கொண்டுவரும். இதில் அந்தக் கவலை இல்லை.

எரிமலை மண்ணில் தகராறு பெரும்பாலும் வினையூக்கியில்தான். கந்தகமும் கடலுப்பும் நிறைந்த மண்ணைத் தொடர்ந்து எரித்தால் அது சீக்கிரம் செத்துப்போகும். அப்போது பாதரசம் குளோரைடாகவே நழுவும். குளோரைடு அந்த ஒளியை விழுங்காது என்பதால் அளவு குறைவாகத் தெரியும். நேர்மாறாக, தங்கத்தைத் தாண்டி ஒளிப்பாதையில் தங்கும் கந்தக டை ஆக்சைடு அதே அலைநீளத்தை விழுங்கி, இல்லாத பாதரசத்தை இருப்பதாகக் காட்டும். எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது. மாதிரியின் மீது தெரிந்த அளவு பாதரசக் கரைசலை இட்டு, முழுதும் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் குழாயை மாற்றுகிறோம். இத்தகைய மண்ணில் 30 மில்லிகிராமுக்கு மேல் வைக்காமல் இருப்பதும் நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் வெற்றுப் படகு, பிறகு பசால்ட், கடைசியில், சூடான ஆவி கசியும் ஆவித்துளையின் அருகில் எடுத்த மண். தலைகீழாக ஓட்டினால், குழாயில் தங்கிய மிச்சம் அடுத்த கல்லின் கணக்கில் ஏறும்.

சரிபார்க்க, கனடாவின் பியூஃபோர்ட் கடல் வண்டலில் தயாரித்த, பாதரச அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட எம்ஈஎஸ்எஸ்-3 என்ற ஒப்பீட்டுப் பொடி பொருத்தமானது. அதில் கிராமுக்கு 91 நானோகிராம். 10 மில்லிகிராம் வைத்தால் 0.91 நானோகிராம், கிராமுக்கு 3 நானோகிராம் கொண்ட பசால்ட் 300 மில்லிகிராம் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் இவ்வளவு சிறிய அளவில் நிறுவைப் பிழை கூடும், பொடி எங்கும் ஒரேபோல் இருக்கும் என்றும் நம்ப முடியாது. நான்கைந்து முறையாவது செய்து சராசரி எடுக்க வேண்டும்.

வெப்பத்தை ஒரேயடியாக ஏற்றாமல் மெல்ல ஏற்றினால் இன்னொன்றும் தெரியவரும். தளர்வாக ஒட்டியது 250 டிகிரிக்குள் பெரும்பாலும் வெளிவந்துவிடும். சிலிகேட் கட்டமைப்புக்குள் சிறைப்பட்டது 500 டிகிரி தாண்டித்தான் அசையும். முந்தைய வகை மேல் 2 சென்டிமீட்டரில் மிகுந்து கீழே குறைந்தால் காற்றும் பனியும் கொண்டுவந்தது என்று கொள்ளலாம். ஆவித்துளையை நெருங்க நெருங்கக் கூடினால், எரிமலை இன்னும் விட்டுக்கொண்டிருப்பது.