‘எனக்கு எழுதற மாதிரி எதுவுமே நடக்கல, ஆன்ட்டி’

ஜூன் மாதம் பள்ளி விடுமுறை விட்டதும், கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு உதவி கேட்டு என்னிடம் வரும் பிள்ளைகளின் முதல் புலம்பல் இதுதான். பதினொன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை. மதிப்பெண் இருக்கிறது, எஸ்ஏடி நுழைவுத் தேர்வு எழுதியாயிற்று, ரோபோட்டிக்ஸ், வயலின் எல்லாம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றால் மட்டும் முகம் தொங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் அப்பா உடனே எடுத்துக் கொடுப்பார்: “ஸ்டேட் லெவல்ல செகண்ட் பிரைஸ் வாங்கினியே, அதை எழுதேன்!”

அங்கேயே கைகாட்டி நிறுத்திவிடுவேன். பரிசுக்கு வேறு இடம் இருக்கிறது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பமாக இருக்கும் காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்கு 10 கட்டங்கள், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். விருதுகளுக்குத் தனியாக 5 இடங்கள். கட்டுரைக்குக் கிடைப்பது அதிகபட்சம் 650 சொற்கள், குறைந்தது 250. மேலே சொன்னதையே கீழே நீட்டி முழக்கினால் அந்த 650 சொற்களும் வீண். படிக்கிறவருக்கு உங்கள் பிள்ளையின் சாதனைகள் முன்பே தெரியும். அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கும் என்பதுதான் தெரியாது.

காமன் ஆப் ஏழு கேள்விகளைத் தருகிறது. ஏழாவது, ‘எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம்’ என்பது. ஆகவே கேள்விகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு எது பொருந்துகிறதோ அதில் போட்டுக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு பெண், கையோடு ஒரு கட்டுரை கொண்டுவந்திருந்தாள். ஒரு வாரம் சேவைப் பயணம் போய் ஒரு பள்ளிக்குச் சுவர் எழுப்பிய கதை. ‘அவர்களிடம் எதுவுமே இல்லை, ஆனாலும் அவர்கள் சிரித்தார்கள்’ என்று முடிந்திருந்தது. “சிமென்ட் குழைச்சது யாரும்மா?” என்று கேட்டேன். தெரியவில்லை. சுவர் எந்த நிறம் என்றேன். அதுவும் தெரியவில்லை. பாவம், பொய் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வாரம் அவள் மனதில் ஒட்டவே இல்லை, அவ்வளவுதான்.

பையை மூடும்போது ஒரு நீள நோட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என்ன அது என்றேன். “அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி, வாலிபால் ஸ்கோர் புக்.” அணித் தேர்வில் இடம் கிடைக்காததால், கோச் அவளை ஸ்கோர் எழுத உட்கார வைத்திருக்கிறார். மூன்று வருடமாக எழுதுகிறாள். வாங்கிப் புரட்டினேன். வழக்கமான குறிகளுக்கு நடுவே, ஓரத்தில் பென்சிலால் குட்டிக் குட்டி வட்டங்கள். ஒரு பக்கத்தில் நான்கு, இன்னொன்றில் ஏழு.

“இது ரூல்ஸ்ல கிடையாது. நானே போடறது” என்றாள். ரெண்டு பேருக்கு நடுவில் பந்து வரும். இவள் எடுப்பாள் என்று அவளும், அவள் எடுப்பாள் என்று இவளும் நிற்க, பந்து தரையில் விழும். அதிகாரபூர்வக் கணக்கில் அது எதிரணிக்கு ஒரு புள்ளி, அவ்வளவே. இவளுக்கு மட்டும் அது ஒரு வட்டம். அதற்கப்புறம் இருபது நிமிடம் நான் வாயே திறக்கவில்லை, அவள்தான் பேசினாள். வகுப்பில் குழுவாகச் செய்யும் புராஜெக்ட்களில் யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பது, ஒரு தோழியிடம் மன்னிப்புக் கேட்காமலே விட்டது, எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்து விழுந்தன. கடைசியில் சொன்னாள்: “அந்த பந்துல பாதி என்னோடதுதான், ஆன்ட்டி.”

கரு சிக்கிவிட்டது. ஆனாலும் முதல் வரைவின் கடைசிப் பத்தியில் ‘தலைமைப் பண்பு’ வந்து உட்கார்ந்திருந்தது. அடித்துவிட்டேன்.

யாரும் சொல்லாமல் நீயாக என்ன செய்கிறாய்? இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். போனில் கடைசியாக எடுத்த ஐம்பது படங்களைப் பார்க்கச் சொல்வேன். யாரிடமோ ஜெயித்த பிறகும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் ஏதாவது உண்டா என்று கேட்பேன். ஏதோ ஒன்று அகப்பட்டதும், தயாரிப்பில்லாமல் பத்து நிமிடம் பேசச் சொல்வேன். மூன்றாவது நிமிடத்தில் வற்றிப்போனால் அது கடன் வாங்கிய தலைப்பு. எழுதிய பிறகு, அதே கட்டுரையின் மேல் வகுப்புத் தோழன் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் கிழித்துவிடலாம்.

சோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு மரணம், நோய், அப்பாவுக்கு வேலை போனது, இதையெல்லாம் எழுதினால்தான் மனம் இரங்குவார்கள் என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அந்தக் காரணத்தால் ஒரு வருடம் மதிப்பெண் சரிந்திருந்தால், படிவத்தில் சவால்களையும் சூழ்நிலைகளையும் சொல்லவே தனிப் பகுதி உண்டு. அங்கே நேராக, சுருக்கமாக எழுதிவிட்டால் போதும். கட்டுரையில் எழுதித்தான் தீருவேன் என்று பிள்ளைக்கே தோன்றினால் எழுதட்டும். தோன்றாதபோது நாம் தூண்டுவது கொடுமை.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு பையன், இல்லாத ஊர்களுக்குப் பஸ் ரூட் மேப் வரைவான். எனக்கு அது அப்படிப் பிடித்துப்போயிற்று. “இதை இப்படிச் சொல்லு, அதை முன்னாடி கொண்டு வா” என்று நானே இழுத்துக்கொண்டு போனேன். முடிந்ததும் அவன் அம்மா படித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தாங்க இருக்கு. ஆனா என் புள்ள இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே.” முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான நவம்பர் 1 கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தது. தூக்கிப்போட்டுவிட்டு, செஸ் விளையாடுவதை நிறுத்தியதைப் பற்றி அவனே எழுதினான். என் கட்டுரையைவிடக் கரடுமுரடு, ஆனால் அவனுடையது.

சாட்ஜிபிடியிடம் தலைப்புக் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான். எல்லாருக்கும் தருவதையே உங்களுக்கும் தரும். அது எழுதித் தந்ததைத் தன் எழுத்தென்று அனுப்புவதை காமன் ஆப் விதிகள் மோசடி என்றே சொல்கின்றன.

ஒரே கட்டுரையை எல்லா இடத்துக்கும் அனுப்பவும் முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் காமன் ஆப்பில் இல்லை. அதற்குத் தனி விண்ணப்பம், எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொதுத் தளமான யூகாஸ் விஷயமே வேறு. படிக்கப்போகும் பாடத்தின் மேல் உள்ள ஆர்வத்தைத்தான் அங்கே முக்கியமாகப் பார்க்கிறார்கள். ஸ்கோர் புக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. “டீம்லயே இல்லாதவ வாலிபால் பத்தி எழுதலாமாங்க?” என்று இரண்டு முறை போன் செய்தார். அவள் அக்டோபர் கடைசியில் அனுப்பிவிட்டாள். மேலே தலைப்பு எதுவும் வைக்கவில்லை. காமன் ஆப் அதைக் கேட்பதும் இல்லை.